நார்வே மொழியின் கூட்டுச் சொற்கள்

ஒரு நாடு தன் எழுத்துமொழியை இழந்துவிட்டால், அதனை மீண்டும் எங்கிருந்து பெறுவது? இவ்வினாவிற்கு நார்வே மக்கள் கண்ட விடையை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

நார்வே பல நூற்றாண்டுகள் டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1349-இல் அங்குப் பரவிய கொள்ளைநோய் மக்களுள் பெரும்பகுதியினரை மாய்த்தது. பழைய மொழியை எழுத வல்லாரும் அருகினர். 1537-இல் சமயச் சீர்திருத்தம் புகுந்தபின் திருமறையும் டேனிஷ் மொழியிலேயே வந்தது. கோயிலிலும் மன்றத்திலும் பள்ளியிலும் டேனிஷ் எழுத்தே வழங்கிற்று. வீட்டிலும் வயலிலும் மக்கள் பேசிய பேச்சு மட்டும் அழியாது நின்றது.

1814-இல் நார்வே டென்மார்க்கினின்றும் பிரிந்தது. 1905 வரை ஸ்வீடன் அரசரின்கீழ் இருந்தபோதிலும், தனக்கெனச் சட்டமும் நாடாளுமன்றமும் பெற்றது. அந்நாடாளுமன்றத்தின் பெயர் ‘ஸ்தோர்திங்’. ‘ஸ்தோர்’ என்றால் பெரிய. ‘திங்’ என்றால் அவை. நாம் ‘பேரவை’ என்பதும் இவ்வமைப்பினதே. ‘க்ருன்’ என்னும் அடிப்படையும் ‘லோவ்’ என்னும் சட்டமும் சேர்ந்து ‘க்ருன்லோவ்’ ஆயின. அதுவே அரசியலமைப்புச் சட்டம்.

இத்தகைய சொற்களில் வருமொழியே தலைமை உடையது. சொல்லின் பாலை அதுவே உறுதிசெய்யும். ஆனால் ஒலியழுத்தம் பெரும்பாலும் நிலைமொழியின்மேல் விழும். வருமொழிக்குச் சிறிதளவு அழுத்தமே உண்டு. சில சொற்களின் நடுவே நம் இலக்கணத்தார் சாரியை என்பது போன்ற ஓர் ஒலி தோன்றும். ‘ஆர்பைட்’ (வேலை), ‘தாக்’ (நாள்) என்பன சேரும்போது இடையில் ‘ஸ்’ வந்து ‘ஆர்பைட்ஸ்தாக்’ என வேலைநாளைக் குறிக்கும்.

அழுத்தம் மாறினால் பொருளும் மாறும். ‘ஸ்தோர்’, ‘திங்’ என்பவற்றைத் தனித்தனியே அழுத்திச் சொல்லி, ‘திங்’ என்பதற்கு வேறு பாலும் கொடுத்தால், நாடாளுமன்றம் மறைந்து ‘ஒரு பெரிய பொருள்’ என்றாகிவிடும். ஆதலின் ஒரே சொல்லாக ஒலிப்பதை ஒரே சொல்லாக எழுதுதல் வேண்டும் என்பது அம்மொழியின் விதி. வாய்மொழியே எழுத்திற்குச் சான்று.

அவ்வாய்மொழியைத் தேடிப் புறப்பட்டவர் ஈவார் ஓசன். 1813-இல் ஓர் எளிய உழவர் குடியில் பிறந்த அவர், 1842 முதல் 1846 வரை நாடெங்கும் சுற்றி மக்களின் பேச்சைக் கேட்டு எழுதினார். 1848-இல் இலக்கணமும் 1850-இல் அகராதியும் வெளியிட்டார். அகராதிக்கு அவர்கள் சொல்லும் ஒரு கூட்டுச்சொல்லே: ‘ஓர்ட்’ (சொல்), ‘போக்’ (நூல்) சேர்ந்த ‘ஓர்ட்போக்’. அவ்வகராதியின் முகப்பிலோ அச்சொல் டேனிஷ் முறைப்படி, ‘ஜி’ என்னும் எழுத்தை ஈற்றில் கொண்டு நின்றது! நார்வே மக்கள் அதனைக் ‘கே’ என்னும் வல்லோசையாகவே ஒலித்தனர்.

க்னூட் க்னூட்சன் என்ற பள்ளியாசிரியர் வேறொரு வழி கூறினார். நகரத்துக் கற்றோர் பேச்சுக்கேற்ப டேனிஷ் எழுத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தலாம் என்றார். இருவழிகளுக்கும் இடையே வாதம் நிகழ்ந்தது. இடர்ப்பட்டோர் குழந்தைகள், வீட்டில் பேசியது ஒன்று, பள்ளியில் எழுதியது மற்றொன்று. 1878-இல் நாடாளுமன்றம், இயன்றவரை குழந்தைகளின் சொந்தப் பேச்சிலேயே பாடம் கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. என் வாழ்நாளைப் பள்ளியில் கழித்தவன் என்ற முறையில், அவ்வரலாற்றில் இத்தீர்மானத்தையே நான் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன். 1885-இல் இருவகை எழுத்திற்கும் சமநிலை தரப்பட்டது. 1907-இல் நடந்த திருத்தத்தில், ‘போக்’ என்பதன் ஈற்றெழுத்து மக்களின் நாவிற்கேற்பக் ‘கே’ ஆயிற்று. 1929-இல் இருவகைக்கும் பூக்மோல், நீநோர்ஸ்க் என்ற பெயர்கள் அமைந்தன. முன்னது ‘நூல்மொழி’, பின்னது ‘புது நார்வே மொழி’, இவையும் கூட்டுச்சொற்களே.

சொற்களை அசை பிரிப்பதிலும் இந்நேர்மை காணப்படும். ‘நாத்’ (இரவு), ‘தோக்’ (புகைவண்டி) இரண்டும் சேரும்போது ‘டி’ என்னும் எழுத்து மூன்று முறை வரவேண்டும், இரண்டே எழுதுவர். ஆனால் வரியின் முடிவில் சொல்லைப் பிரிக்க நேர்ந்தால், மறைந்த எழுத்து மீண்டும் வந்துவிடும். சேர்ந்து வாழும்போது ஒன்றை விட்டுக்கொடுத்த சொற்கள், பிரியும்போது தத்தம் முழுவடிவைப் பெறுகின்றன.

ஏட்டில் இழந்த மொழியை நார்வே மக்கள் தம் நாவிலிருந்தே மீட்டனர். ஆகவே மாணவர்களே, கற்றறியாதவர் பேச்சு என்று எதனையும் இகழாதீர்கள். ஏடு மறந்ததை அது காத்து வைத்திருக்கக்கூடும்.