ஈடிபஸ் சிக்கல்

ஈடிபஸ் என்ற கிரேக்கப் பெயருக்கு ‘வீங்கிய பாதத்தான்’ என்று பொருள். மகன் கையால் தனக்குச் சாவு என்று குறி கேட்ட தீப்ஸ் அரசன் லாயஸ், பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்து மலையில் விட்டுவரச் சொன்னான். அந்தக் காயமே பெயராயிற்று. பிழைத்து வளர்ந்தவன் அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த கதையை சோஃபக்ளீஸ் நாடகமாக்கினார்.

பெயரை உளவியலுக்கு இழுத்து வந்தவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்ட ‘கனவுகளின் விளக்கம்’ நூலிலேயே ஈடிபஸையும் ஷேக்ஸ்பியரின் நாடக நாயகன் ஹாம்லெட்டையும் அருகருகே வைத்துப் பேசினார். தாயை விரும்பித் தந்தையைப் போட்டியாளனாக வெறுக்கும் மகனின் உள்மனப் போக்கைக் குறிக்க ‘சிக்கல்’ என்ற சொல் 1910இல்தான் ஒட்டிக்கொண்டது. ஹாம்லெட் பழிவாங்க ஏன் தயங்குகிறான்? தந்தையைக் கொன்று தாயை மணந்த சிற்றப்பன், இவன் உள்ளூர விரும்பியதையே செய்து முடித்தான் என்பது ஃப்ராய்டின் விடை. அவருடைய சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் இதைக் கட்டுரையாகத் தொடங்கி 1949இல் தனி நூலாக்கினார். லாரன்ஸ் ஒலிவியர் நடித்து இயக்கிய 1948ஆம் ஆண்டு ‘ஹாம்லெட்’ திரைப்படத்தில் இந்தச் சாயல் அப்பட்டம். தாயாக வந்த ஐலீன் ஹெர்லி அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்!

வேடிக்கை என்னவென்றால், ஈடிபஸுக்கே இந்தச் சிக்கல் இருந்ததாகச் சொல்ல வழியில்லை. பெற்றோர் என்று அவன் நம்பியது கொரிந்து நகரத்து அரசனையும் அரசியையும்தான். தானும் கேட்ட அந்தக் குறி பலித்துவிடக் கூடாதென்று அஞ்சி அவன் அந்த ஊரையே விட்டு ஓடினான். ஹாம்லெட்டுக்குப் பொருந்துகிற அளவுக்குக்கூட, பெயர் கொடுத்தவனுக்கு இந்தச் சொல் பொருந்தவில்லை.