சோடாவும் பங்காளிகளும்

பங்காளி என்னும் சொல்லை நம்மவர் பகையாளி என்ற பொருள் தொனிக்கவே பெரும்பாலும் வழங்குகின்றனர். சோடாத் தொழிலின் தொடக்க வரலாற்றைப் படிக்குந்தோறும் அச்சொல் என் நினைவுக்கு வருகிறது.

1772ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிரீஸ்ட்லி, நீரில் கரியமில வாயுவைக் கலக்கும் முறையை நூலாக வெளியிட்டார். மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு அந்நீர் மருந்தாகும் என நம்பினார், ஆகவில்லை.

அதனை வாணிகமாக்கியவர், ஜெர்மனியில் பிறந்து ஜினீவாவில் நகைத் தொழில் செய்துவந்த ஜேக்கப் ஷ்வெப். வாயுவை அழுத்திச் செலுத்தும் எந்திரமே இத்தொழிலின் உயிர். அவருக்காக எந்திரம் செய்த பால் என்னும் வல்லுநர், தமக்கும் ஒன்று செய்துகொண்டு போட்டிக்கு வந்துவிட்டார்! 1790இல் ஷ்வெப், அந்தப் பாலோடும் மருந்தாளர் காஸ் முதலியோரோடும் கூட்டுச் சேர்ந்தார். போட்டியாளரையே பங்காளியாக்கிக்கொண்ட அம்மதிநுட்பத்தை நான் மெச்சுகிறேன்.

ஆயினும் கூட்டு நீடிக்கவில்லை. 1792இல் தொழில் தொடங்க இலண்டன் சென்றார் ஷ்வெப். விற்பனை மந்தமாயிருந்தது, திரும்பி வருமாறு கூட்டாளிகள் வற்புறுத்தினர். அவர் இசையவில்லை. 1793இல் கூட்டு முறிந்தது. இலண்டன் தொழில் அவருக்கு, ஜினீவா தொழில் மற்றவர்க்கு. 1799இல் தம் தொழிலின் முக்கால் பங்கை ஜெர்சித் தீவினர் மூவருக்கு விற்றார். 1834இல் அது மீண்டும் கைமாறியது. உரிமையாளர் மாறினர், பெயர் மாறவில்லை.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் மலேரியாவுக்கு அஞ்சிக் குவினைனைக் குடித்துவந்தனர். அதன் கசப்பைச் சோடாவில் கலந்து, 1870களில் 'இந்தியன் டானிக்' என்ற பெயரில் அந்நிறுவனம் விற்றது. ஷ்வெப் 1821இலேயே மறைந்துவிட்டார். புட்டிகளின்மீது அவர் பெயர் மட்டும் கடல் கடந்து சென்றது.