சம்புநாத் தேயும் காலரா நச்சும்

1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக், காலரா நோயாளிகளின் குடலிலும் அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் கால்புள்ளி வடிவ நுண்ணுயிரியைக் கண்டார். நோய்க்கு எது காரணம் என்பது தெளிவாயிற்று. அது நீரிலும் உணவிலும் ஏறி உட்புகுந்தபின் ஒரே நாளில் மனித உடலை எப்படி வற்றச் செய்கிறது என்ற வினாவுக்கோ மேலும் 75 ஆண்டுகள் விடையில்லை. அந்த விடையும் கல்கத்தாவில்தான் கிடைத்தது. எனினும் காலராவின் வரலாறு பெரும்பாலும் காக்குடனேயே முடித்துவிடப்படுகிறது.

கிருமி ஒரு நச்சைச் சுரக்கக்கூடும் என்று காக் முன்பே ஊகித்திருந்தார். பின்வந்தோர் அதைத் தேடிய இடம்தான் பிழைபட்டது. தொண்டை அடைப்பான் நோயில் நச்சு குருதிவழிப் பரவுவதுபோல இதுவும் பரவும் என எண்ணி, விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் கிருமிச் சாற்றைச் செலுத்தினர். விலங்குகள் இறந்தன, ஆனால் காலராவின் அடையாளமான நீர்ப்பேதி அவற்றில் தோன்றவில்லை. குடலின் உட்சவ்வு உரிந்துபோவதே நீரிழப்புக்குக் காரணம் என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது.

1915-இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த சம்புநாத் தே, 1949-இல் லண்டனில் நோயியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்கத்தா திரும்பினார். நோய் நிகழும் இடம் குடல் என்றால் சோதனையும் குடலுக்குள்தான் நிகழவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அக்கண்ணியில் அரிசி கழுநீரை ஒத்த திரவம் நிரம்பிப் புடைத்திருந்தது. 1953-இல் வெளியான இம்முறைக்கு வேண்டியவை முயலும் நூலும் ஊசியும் மட்டுமே.

1959-இல் அவர் இன்னும் ஓரடி முன்சென்றார். கிருமிகளை வளர்த்த ஊடகத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை மட்டும் குடற்கண்ணியில் செலுத்தினார். அப்போதும் கண்ணி நிரம்பியது. ஆகவே நோயை விளைவிப்பது கிருமி வெளியிடும் நச்சு என்பது உறுதியாயிற்று. ‘நேச்சர்’ இதழ் இம்முடிவை வெளியிட்டது. அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தா குழுவினரும் இளமுயல்களைக் கொண்டு இதற்கு நெருங்கிய முடிவை எட்டினர்.

இதன் விளைவுகள் காலராவோடு நிற்கவில்லை. 1956-லேயே தே, பேதி நோயாளிகளிடமிருந்து பெற்ற சில எஸ்செரிசியா கோலை வகைகளும் குடற்கண்ணியை நிரப்புவதைக் காட்டியிருந்தார். உணவை நஞ்சாக்கும் பிற பாக்டீரியாக்களை ஆராய்ந்தோரும் பின்னர் இம்முறையையே கையாண்டனர். காலரா நோயாளிகளின் குடல் உட்சவ்வு சிதைவதில்லை என்பது 1960-இல் பாங்காக் ஆய்வில் தெரியவந்தது. நச்சு, குடற்சுவர் உயிரணுக்களை அழிக்காமல் அவற்றை மிகையாக நீர் சுரக்கச் செய்கிறது; சர்க்கரையோடு உப்பை உறிஞ்சும் வழி பழுதுறுவதில்லை. 1971-இல் வங்க அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ் அளித்த சர்க்கரை–உப்புக் கரைசல் உயிர்களைக் காத்த காரணம் இதுவே.

1978-இல் நோபெல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்குத் தே அழைக்கப்பட்டார். ஜோஷுவா லெடர்பர்க் அவரை நோபெல் பரிசுக்கு முன்மொழிந்ததும் உண்டு. இந்திய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை, 1985-இல் மறைந்தார். ‘கரண்ட் சயின்ஸ்’ அவருக்குச் சிறப்பிதழ் கொணர்ந்தது 1990-இல்.

காலனிய மருத்துவ வரலாற்றில் கல்கத்தா பெரும்பாலும் நோயின் நிலமாக, ஐரோப்பியர் வந்து மாதிரி திரட்டிச் செல்லும் களமாகவே இடம்பெறுகிறது. 1884-ஐ மட்டும் எழுதி 1959-ஐ விடும் ஒவ்வொரு நூலும் அச்சித்திரத்தையே உறுதிசெய்கிறது. நோய் இருந்த நகரிலேயே அதன் அறிவும் உருவாயிற்று என்பதற்குத் தேயின் ஆய்வு சான்று.