கோன், ஹெர்மன் (1838–1906)

ஜெர்மானிய யூதக் கண் மருத்துவர். பள்ளி மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். பிறந்ததும் மறைந்ததும் பிரெஸ்லாவு நகரில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்). 1860களின் நடுவில் 10,060 மாணவர்களின் கண்களைப் பரிசோதித்து, முடிவுகளை 1867இல் நூலாக்கினார். கிட்டப்பார்வை கிராமப் பள்ளிகளில் 1.4 விழுக்காடு, நகரத் தொடக்கப் பள்ளிகளில் 6.7, கிம்னாசியம் எனப்படும் உயர்பள்ளிகளில் 26.2. படிப்பு ஏற ஏறப் பார்வை மங்குகிறது என்பதை எண்களே சொல்லிவிட்டன.

கோன் பழி சுமத்தியது பாடத்தின் மீதல்ல, வகுப்பறையின் மீது. மேசைக்கும் இருக்கைக்கும் இடைவெளி அதிகமானால் பிள்ளை முன்னால் கவிழ்ந்து, மூக்கு ஏட்டில் படும்படி எழுதும். சன்னல் கண்ணாடியின் பரப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றார். பள்ளிதோறும் மருத்துவர் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். வீஸ்பாடன் நகரம் பள்ளி மருத்துவர்களை முறையாக அமர்த்த 1890களின் பிற்பாதி ஆயிற்று. வெளிச்சத்தைப் பற்றிய அவர் கவலை வீண்போகவில்லை: வெளியில் வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவு என்பது இன்றைய ஆய்வுகளின் முடிவு. வாழ்க்கை வரலாற்றாசிரியர் எமில் லுட்விக் இவருடைய மகன்.