வாலாஜாவை எதிர்த்த பூலித்தேவரும் அவருடன் நின்ற பட்டாணியரும்

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பேருந்துகள் ஓடும் வாலாஜாபாத், ஆற்காடு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர். அந்த நவாபை எதிர்த்துத் தெற்கே எழுந்த கிளர்ச்சியை இந்து–முஸ்லிம் சண்டையாகச் சிலர் சித்தரிப்பதால், நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் நெற்கட்டும்செவல் பாளையத்தை ஆண்டவர் மறவர் குலத் தலைவர் பூலித்தேவர். ஆற்காட்டுக்குக் கிஸ்தி கட்ட மறுத்தார். சண்டையின் வேர் இதுதான். நவாபோ ஆங்கிலேயக் கம்பெனியிடம் பெரும் கடன்பட்டிருந்தார். வரி வந்தால்தான் கடன் தீரும். 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மஹ்ஃபூஸ் கானும் படையோடு தெற்கே போனார்கள். நெற்கட்டும்செவல் கோட்டையை ஹெரானால் பிடிக்க முடியவில்லை.

பூலித்தேவர் பக்கம் நின்றவர்கள் யார்? மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்ற மூன்று பட்டாணியத் தலைவர்கள். இதைவிட வியப்பு, அவரை அடக்கப் போன மஹ்ஃபூஸ் கானே பிறகு தம்பிக்கு எதிராகத் திரும்பி அவரோடு சேர்ந்துகொண்டது! அண்ணன் தம்பிக்குள் அதிகாரப் போட்டி என்று வந்துவிட்டால் மார்க்கமும் குலமும் குறுக்கே நிற்பதில்லை போலும்.

கடைசியில் 1761இல் நெற்கட்டும்செவலை வீழ்த்தியவர் கம்பெனியின் சிப்பாய்த் தளபதி யூசுஃப் கான். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். மருதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மதுரையை நிர்வகித்த அவருக்கும் நவாபுக்கும் முறுகல் முற்றி, 1763இல் அவரே கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். நவாபின் படையும் கம்பெனிப் படையும் மதுரையை முற்றுகையிட்டன. பல மாதங்கள் கோட்டை அசையவில்லை. உள்ளிருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷனும் சொந்த ஆட்களுமே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் இன்றும் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

வாலாஜா 1795இல் இறந்தார். ஆறே ஆண்டுகளில், 1801இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. யாருக்காகக் கிஸ்தி வசூலித்தாரோ அவர்களே நவாபின் நாட்டையும் எடுத்துக்கொண்டார்கள்.