புல்லட் எஞ்சினைப் பெரிதாக்கலாமா? கொஞ்சம் வரலாறு



போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் பானிப்பட்டுப் போர் நடத்தும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பைக் படம் வரைந்துகொண்டிருந்தவன். பெயர் போட்டால் அவன் வீட்டில் விஷயம் தெரிந்துவிடும், வேண்டாம். இப்போது கோயம்புத்தூரில் வேலை. அவன் அப்பா விட்டுப்போன 1984 மாடல் புல்லட் 350 அவனிடம் இருக்கிறது. அந்த வண்டியை எனக்கும் தெரியும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவர் அதில்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவார். சத்தம் கேட்டதுமே பையனுக்கு முகம் வெளுத்துவிடும்.

"சார், நாலு வழிச் சாலையில எல்லாரும் என்னை முந்திப் போறாங்க. எண்பதைத் தாண்டினா கை மரத்துப்போகுது. ஒரு பட்டறையில கேட்டேன், சிலிண்டரும் பிஸ்டனும் மாத்தி 535 ஆக்கித் தர்றேங்கிறார். இல்லைன்னா இதைக் குடுத்துட்டு 650 வாங்கணும். அதுக்கு இப்ப வரி வேற ஏறிப்போச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

வரி பற்றி அவன் சொன்னது சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 40 சதவீதம். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். போனில் சொல்லி முடியவில்லை, இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் கணக்கு. கணக்கு வாத்தியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிசி என்பது பிஸ்டன் ஓடும் உருளையின் கொள்ளளவு. பழைய புல்லட் 350-இல் உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 346 சிசி வரும். அதே புல்லட் 500-இல் விட்டம் 84, உயரம் அதே 90. கணக்கு 499. விட்டத்தை 87 ஆக்கினால் 535. அதாவது எஞ்சினின் அடிப்படை ஒன்றேதான், குழாயை அகலமாக்கிக்கொண்டே போனார்கள். பட்டறைக்காரர் சொல்வது கட்டுக்கதை இல்லை. கம்பெனியே செய்த வேலைதான் அது. ஆனால் 153 சிசி கூட்டியும் 18 குதிரைசக்தி 22 ஆனது, அவ்வளவுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை ஒரு நாட்டின் மோட்டார் சைக்கிள் தொழிலே முப்பது வருஷம் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தைச் சொல்கிறேன்.

1937-இல் டிரையம்ப் கம்பெனியின் எட்வர்ட் டர்னர் 'ஸ்பீட் ட்வின்' என்ற 500 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பிஸ்டன்கள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். சின்னது, அழகானது, ஒற்றை சிலிண்டர் வண்டியை விட மென்மையாக ஓடியது. மற்ற கம்பெனிகளும் போர் முடிந்ததும் அதே பாணிக்கு வந்தன. அப்புறம் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. அங்கே ரோடு நீளம், பெட்ரோல் மலிவு, ஆட்களும் ஆஜானுபாகு. 500 போதாது என்றார்கள். டர்னர் புது எஞ்சின் வரையவில்லை. இருந்ததையே பெரிதாக்கி 1949-இல் 650 சிசி 'தண்டர்பேர்ட்' என்று விட்டார். பாரிஸ் அருகே மோன்லெரி ஓட்டப் பாதையில் மூன்று வண்டிகளை 500 மைல் ஓட்டி, சராசரி மணிக்கு 90 மைலுக்கு மேல் என்று நிரூபித்தார்கள். 1959-இல் அதே 650-ஐ இன்னும் முறுக்கேற்றி 'பொன்னவில்' வந்தது.

என் அபிப்பிராயம், 650 வரை அவர்கள் செய்தது புத்திசாலித்தனமே. போரில் நொந்துபோன நாடு, கையில் காசில்லை, பழைய மெஷின்களையே வைத்து டாலர் சம்பாதித்தார்கள். அதோடு நிற்கவில்லை என்பதுதான் கதை.

இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும் எஞ்சினில் ஒரு பிறவிக் குறை உண்டு, அதிர்வு. பிஸ்டன் கனமாக ஆக, வேகம் கூடக் கூட அது வளரும். வேகம் இரட்டிப்பானால் உதறல் விசை நான்கு மடங்கு. 500-இல் பொறுக்கலாம். 650-இல் கை மரத்துப்போகும். நார்ட்டன் கம்பெனி தன் 500 சிசி எஞ்சினை 600, 650 என்று படிப்படியாகப் பெருக்கி 1962-இல் 750 ஆக்கியது. அந்த 'அட்லஸ்' வண்டியின் உதறல் இன்றும் பேசப்படுகிறது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினைச் சரிசெய்ய வழியில்லாமல், அதை ரப்பரில் தொங்கவிட்டார்கள். அதுதான் 1967-இல் வந்த நார்ட்டன் 'கமாண்டோ'. வண்டி நன்றாகவே ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். டிரையம்ப்போ 1968-இல் மூன்று சிலிண்டர் 'ட்ரைடென்ட்' கொண்டுவந்தது. அதுவும் பழைய 500 ட்வினோடு இன்னொரு சிலிண்டரை ஒட்டியதுபோலத்தான். மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிரேக்கும் பழைய டிரம்தான்.

அதே நேரத்தில் ஜப்பானில் ஹோண்டாக்காரர்கள் வெள்ளைத் தாளில் வரைந்துகொண்டிருந்தார்கள். 1968 டோக்கியோ கண்காட்சியில் காட்டி, 1969-இல் விற்பனைக்கு வந்தது சிபி 750. 736 சிசி, நான்கு சிலிண்டர், 67 குதிரைசக்தி, முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். அமெரிக்காவில் விலை 1,495 டாலர். இரண்டு பிஸ்டன் மேலே போனால் இரண்டு கீழே வரும், கை மரக்காது. சிசி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று பெரிதாகவே பிறந்தது, இன்னொன்று பெரிதாக்கப்பட்டது. டிரையம்ப் 1973-இல் தன் பழைய ட்வினை 744 சிசி வரை இழுத்தது. அதே வருஷம் மெரிடன் ஆலையை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வர, தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடி, 1975-இல் கூட்டுறவாக எடுத்து நடத்தினார்கள். 1983-இல் அதுவும் மூடியது. கடைசி வரை அந்த எஞ்சின் 1937-இன் வாரிசுதான்.

"அப்போ பெரிதாக்கியவன் எவனும் ஜெயிக்கவே இல்லையா சார்?" என்று என் மாணவன் கேட்பான். ஜெயித்தவர் ஒருவர் இருக்கிறார். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர்க்காரர், பர்ட் மன்றோ. 2005-இல் அவரைப் பற்றி ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்து ஆங்கிலப் படமே வந்தது. அவர் 1920-இல் ஒரு 'இந்தியன் ஸ்கவுட்' வாங்கினார். பெயர்தான் இந்தியன், அமெரிக்க வண்டி. 600 சிசி, உச்ச வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர். பெரிய வண்டி வாங்க அவரிடம் பணமில்லை. 1926-இல் அதைக் குடையத் தொடங்கியவர் நாற்பது வருஷம் விடவில்லை. பகலில் வேலை, ராத்திரியில் கொட்டகை. பழைய டின்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். கனெக்டிங் ராடைக் கையால் அறுத்துத் தேய்த்தார். உடைந்ததையெல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி, 'வேக தேவனுக்குக் காணிக்கை' என்ற பொருளில் எழுதிவைத்தார். நம் ஊர்க் கோயிலில் வெள்ளிக் கண்மலர், கை, கால் காணிக்கை செலுத்துவதுபோல.

1967-இல், அறுபத்தெட்டு வயதில், 950 சிசிக்குப் பெருக்கிய அதே எஞ்சினோடு அமெரிக்காவின் பொன்னவில் உப்புத் திடலில் மணிக்கு 295 கிலோமீட்டர் ஓட்டி 1000 சிசிக்குட்பட்ட பிரிவில் சாதனை படைத்தார். (டிரையம்ப் தன் வண்டிக்குப் பெயர் எடுத்ததும் இந்தத் திடலிலிருந்துதான்.) 2014-இல் அவர் மகன் பழைய கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல, வேகம் 296 என்று திருத்தப்பட்டது. விடைத்தாளில் கூட்டல் தப்பு என்று மார்க் கேட்டு வருவீர்களே, அதேதான். அவருக்கு நாற்பத்தேழு வருஷம் கழித்துக் கிடைத்தது.

ஆனால் மன்றோ மாற்றியது சிலிண்டரை மட்டும் இல்லை. வால்வு, ஃபிளைவீல், கிளட்ச், ஃப்ரேம், மேல்கூடு எல்லாவற்றையும் மாற்றினார். ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது உடையும். அதைப் பலப்படுத்தினால் அதற்கடுத்தது. அந்த அலமாரியே அதற்குச் சாட்சி. அப்புறம் இன்னொன்று. உப்புத் திடலில் மைல் கணக்கில் யாரும் கிடையாது. பிரேக்கைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

எங்கள் பெரியப்பா மகன் அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கீழே ஏதாவது எழுதவும் செய்வார். சென்னைத் திருவொற்றியூரில் 1955-லிருந்து 350 புல்லட் செய்துகொண்டிருந்த ஆலையிலிருந்து, 1990 வாக்கில் 500 வெளியே வந்தது. அண்ணனுக்கு அதன்மேல் ஆசை. வாங்க முடியவில்லை. ஒரு பட்டறையில் தன் 350-இல் 500-இன் சிலிண்டரை ஏற்றினார். அது உட்காருவதற்கு கிராங்க் கேஸின் வாயையும் லேத்தில் கடைந்து அகலமாக்கினார்கள். முதல் மாதம் ராஜா மாதிரி திரிந்தார். இரண்டாம் மாதம் ஆயில் கசிந்தது. மூன்றாம் மாதம் பேரிங்கில் சத்தம். அதையெல்லாம் சரிசெய்தார். பிரேக்கை மட்டும் யாரும் நினைக்கவில்லை. கயத்தாறு பக்கம் ஒரு லாரியை முந்தி வெளியே வந்தபோது எதிரே வைக்கோல் வண்டி. பழைய டிரம் பிரேக் தன்னால் முடிந்ததைச் செய்தது. வைக்கோல் இருந்ததால் உயிர் பிழைத்தார். தொடையில் கம்பி வைத்து ஏழு மாதம் படுக்கை. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றும் மறக்காமல் சொல்வார்.

பட்டறைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்துக்கும் கோடு 350 சிசியில்தான். 346 என்று எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு 535 ஓட்டினால், நல்லபடியாகப் போகும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். விபத்து என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆகவே தம்பி, நான் சொல்வது இது. உன் கை மரத்துப்போவதற்குக் காரணம் அதிர்வு. பிஸ்டனைப் பெரிதாக்கினால் அது குறையாது, கூடும். நூறில் போக வேண்டுமென்றால் நூறில் போவதற்கென்றே செய்த வண்டியை வாங்கு, இப்போது முடியாவிட்டால் இரண்டு வருஷம் காசு சேர்த்து வாங்கு. நம் சென்னையிலேயே 2018 முதல் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வருகிறது. அதில் இரண்டு பிஸ்டனையும் ஒன்றாக ஏறி இறங்கவிடாமல், கிராங்கை 270 டிகிரி திருப்பி வைத்து, கூடவே அதிர்வைத் தணிக்கத் தனித் தண்டும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அப்பா வண்டியை அதற்காக விற்காதே, கடையவும் செய்யாதே. கிராங்க் கேஸை ஒருமுறை அகலமாக்கினால் பழைய வாய் திரும்ப வராது.

இதை எழுதி முடிக்கும் முன்பே நேற்று ராத்திரி அவன் மறுபடி கூப்பிட்டான். பட்டறையில் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார்களாம். உள்ளே நன்றாகத் தேய்ந்திருக்கிறதாம். 535 வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ரீபோர் மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 351 சிசி வருகிறது. ஜிஎஸ்டி ஆபீஸில் யாரும் சொல்லாதீர்கள்.

பொங்கலுக்கு அதில்தான் ஊருக்கு வருகிறானாம், அறுபதிலேயே. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை ஒரு சுற்று போக வேண்டும் என்கிறான். என் முட்டி சம்மதித்தால் போவேன்.