புளூடூத் ஒலித் தடங்கல்

கணினியிலிருந்து கம்பியில்லா ஒலிபெருக்கிக்குச் செல்லும் பாட்டோ பேச்சோ இடையிடையே அறுபட்டு, விட்டுவிட்டுக் கேட்பது புளூடூத் ஒலித் தடங்கல் எனப்படும். இணைப்பு அடியோடு அறுந்துபோவதும், திரையில் வாய் அசைந்த பிறகு ஒலி பிந்தி வருவதும் இதில் சேரா. அவை வேறு கோளாறுகள். பழி பெரும்பாலும் ஒலிபெருக்கியின் மேல் விழுகிறது. உண்மையில் கணினியைச் சுற்றியுள்ள வானலை நெரிசலே இதற்கு முதற்காரணம்.

வரலாறு

1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு இங்கேதான் குடியேறியது. தகவல் தொடர்புக்கு உதவாத பகுதி என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த இந்த அலைவரிசையில், உரிமம் இல்லாமலேயே குறைந்த திறனில் அலைபரப்ப 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் வழிவிட்டது. வை-ஃபை, புளூடூத் இரண்டும் அந்த ஒரு முடிவின் பிள்ளைகள். இந்தியாவில் இதற்கான உரிம விலக்கு 2005இல் வந்தது.

எல்லோரும் புழங்கும் இடத்தில் ஒருவர் குரல் மற்றவர் குரலில் மோதாதிருக்க, அதிர்வெண்ணை இடைவிடாது மாற்றிக்கொண்டே பேசும் உத்தி கையாளப்பட்டது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அந்தெயிலும் 1942இல் பெற்ற காப்புரிமையில் இந்த உத்தி தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. எதிரியால் குலைக்க முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை வானொலி வழியே செலுத்துவது அவர்களது நோக்கம்; பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அதிர்வெண்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. புளூடூத் கையாள்வதும் இதே வகை உத்திதான்.

சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய புளூடூத் பணியில் யாப் ஹார்ட்சென், ஸ்வென் மாட்டிசன் ஆகியோர் ஈடுபட்டனர். எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் 1998இல் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. முதல் பதிப்பு 1999இல் வெளியானது. 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவுவது அதன் இயல்பு. தொடக்கத்தில் இந்தத் தாவல் கண்மூடித்தனமானது. வை-ஃபை ஆக்கிரமித்திருந்த தடத்திலும் போய் விழுந்தது. 2003இல் வந்த 1.2 பதிப்புதான் நெரிசலான தடங்களைக் கண்டு ஒதுக்கக் கற்றுக்கொண்டது. ஸ்டீரியோ இசையை அனுப்பும் நெறிமுறையும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டது.

தடங்கல் உண்டாகும் விதம்

ஒலி சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. அந்த ஸ்டீரியோ நெறிமுறையில் எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமான ஒலிச்சுருக்க முறையான எஸ்பிசி கோடெக், உயர்தர அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் கேட்கும். தொலைந்த பொட்டலம் மறுபடி அனுப்பப்படும். அது வந்துசேரும்வரை ஒலிபெருக்கி தன் இடைநினைவகத்தில் சேர்த்துவைத்ததை இசைத்துக்கொண்டிருக்கும். அந்த இருப்பு ஒரு நொடியில் சிறு பங்குதான்; தீர்ந்ததும் மௌனம். ஆகவே தடங்கலைக் கோடெக்கின் குறையாகச் சொல்வது தவறு. ஆனால் சோனியின் எல்டேக் போன்றவற்றை 990 கிலோபிட்டில் ஓட்டினால், மறுபடி அனுப்ப மிஞ்சும் இடம் குறைந்து தடங்கல் கூடும்.

மடிக்கணினிகளில் வை-ஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சில்லில் இருக்கின்றன. ஆன்டெனாவையும் பல நேரங்களில் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய கோப்பு இறங்கும்போது மட்டும் பாட்டு அறுபட்டால் காரணம் இதுவே. வை-ஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் உடனே சரியாகிவிடும். மேசைக் கணினியில், தாய்ப்பலகையுடன் வந்த ஆன்டெனாவைப் பின்புறம் திருகாமலே விட்டுவிடுவது அடிக்கடி நேர்வது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து அலை வெளியே வரத் திணறும்.

பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. யூஎஸ்பி 3.0 இணைப்பில் ஓடும் வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்பதை இன்டெல் 2012இல் அளந்து வெளியிட்டது. வன்தட்டுக்குப் பக்கத்துத் துளையில் புளூடூத் டாங்கிளைச் செருகினால் அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே அது வேலை செய்யவேண்டும். ஒரு சிறு நீட்டிப்பு கேபிளில் மாட்டி டாங்கிளை மேசைமேல் கொண்டுவருவது மலிவான மருந்து. 

மனித உடலில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சும். கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஆள் நின்றாலே சிலவற்றில் ஒலி தடுமாறும். புளூடூத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சுமார் 10 மீட்டர் என்ற எல்லை தடையற்ற வெளிக்கே பொருந்தும். சுவர் குறுக்கிட்டால் அது சுருங்கும்.

கண்டறிதல்

இணையத்திலிருந்து ஓடும் பாட்டை விட்டுவிட்டு, கணினியில் சேமித்த கோப்பை முதலில் இசைக்கவேண்டும். அப்போது தடங்கல் இல்லையென்றால் குற்றம் இணைய வேகத்திலோ வை-ஃபையுடனான மோதலிலோ இருக்கலாம். கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலும் விட்டுவிட்டுக் கேட்டால் வானலைக்கு இதில் பங்கில்லை. டிரைவரையோ மையச் செயலகத்தின் சுமையையோ பார்க்கவேண்டும். அதே ஒலிபெருக்கி கைப்பேசியுடன் நன்றாகப் பாடினால் கணினிப் பக்கமே குறை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக, மின்சாரம் மிச்சப்படுத்த புளூடூத் கருவியை அணைக்கும் அனுமதியை நீக்கலாம். பழைய இணைப்பை அழித்துப் புதிதாக இணைப்பதும் சிலசமயம் உதவும். புளூடூத் கருவியின் மைக்ரோஃபோனை ஏதேனும் செயலி திறந்ததும் ஒலி மெலிந்து ஒற்றைத் தடமாவது தடங்கல் அன்று. கருவி தொலைபேசி முறைக்கு மாறியிருக்கிறது. அந்தச் செயலியை மூடினால் பழைய ஒலி திரும்பிவிடும்.

தற்போதைய நிலை

குறைந்த பிட் வீதத்திலேயே நல்ல ஒலி தரும் எல்சி3 கோடெக்கைக் கொண்ட எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறையின் வரையறைகள் 2022இல் நிறைவுற்றன. இதைப் பயன்படுத்தக் கணினி, ஒலிபெருக்கி இரண்டிலும் ஆதரவு வேண்டும். அலைவரிசை அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.